நீங்காக் குடியும் நீக்கிய குடியும்

சோழர் காலக் கல்வெட்டுகளில் ஊர்களும் நிலங்களும் கோயிலுக்கோ அந்தணர்க்கோ கொடையாக அளிக்கப்பட்ட செய்தி வரும் இடங்களில் இரண்டு தொடர்கள் மீண்டும் மீண்டும் கண்ணிற்படுகின்றன. சில கொடைகள் 'குடி நீங்காத் தேவதானம்' எனக் குறிக்கப்படுகின்றன. வேறு சில 'குடி நீக்கி'க் கொடுக்கப்பட்டவை. முன்னதில் நிலத்தின் மேலுரிமை மட்டும் கைமாறும். அங்கிருந்த குடி அங்கேயே இருக்கும். முன்பு பிறர்க்குச் செலுத்தியதை இனிக் கோயிலுக்குச் செலுத்தும். பின்னதில் பழைய குடியின் தொடர்பு அறுக்கப்பட்டு, நிலம் தனித்துக் கொடுக்கப்படும். நீங்குதல் தன்வினை, நீக்குதல் பிறவினை என்று மாணவர்க்குக் கற்பிக்கிறோம். ஒரு மெய்யெழுத்தின் வேறுபாடு. அந்த வேறுபாட்டில் ஓர் ஊரின் வாழ்வு அடங்கியிருந்தது.

இத்தொடர்களில் வரும் 'குடி' யார் என்பதில் ஆய்வாளரிடையே கருத்து வேற்றுமை உண்டு. உழுதொழில் செய்த குத்தகைக் குடியினரே என்பார் ஒரு சாரார். நிலவுடைமை கொண்டிருந்த பழைய காணியாளரே என்பார் மற்றொரு சாரார். இரண்டும் இடத்திற்கேற்பப் பொருந்துவன என்றே கொள்ள வேண்டியிருக்கிறது. பாண்டியர் செப்பேடுகள் 'காராண்மை' என்றும் 'மீயாட்சி' என்றும் இரண்டு உரிமைகளைத் தனித்தனியே பெயர் சொல்லிக் குறிக்கின்றன. உழுது பயிரிடும் உரிமை காராண்மை. அதன்மேல் நின்று பயன் கொள்ளும் உரிமை மீயாட்சி. ஒரே நிலத்தின்மேல் இரண்டு உரிமைகள் அடுக்காக இருக்கலாம் என்பதும், மேலடுக்கு கைமாறும்போது கீழடுக்கு என்னவாகும் என்பதை ஆவணம் சொல்லியாக வேண்டும் என்பதும் இத்தொடர்களால் பெறப்படும். பிற்காலத்தில் குத்தகைப் புதுப்பிப்பு என்றும், கால நீட்டிப்பு என்றும், நிலைத்த குடிவார உரிமை என்றும் சட்டமன்றங்களிலும் நீதிமன்றங்களிலும் வழக்காடப்பட்டவை அனைத்தும் இந்தப் பழைய கேள்வியின் தொடர்ச்சியே.

சொற்களைக் கொஞ்சம் பிரித்தறிந்துகொள்வது நல்லது. வாரம் என்பது விளைச்சலில் பங்கு. மழை பொய்த்தால் இருவர்க்கும் இழப்பு. குத்தகை என்பது விளைந்தாலும் விளையாவிட்டாலும் அளந்துவிட வேண்டிய குறித்த அளவு; இழப்பு முழுவதும் உழுபவனுடையது. மேல்வாரம், குடிவாரம் என்பன அவ்விரு பங்குகளின் பெயர்கள். நகரத்தில் வீட்டுக்குக் கொடுப்பதைக் குடிக்கூலி என்று முன்னோர் சொன்னார்கள். இன்று அந்தச் சொல் வழக்கொழிந்து வருகிறது. பிறர் நிலத்தில் தன் செலவில் வீடு கட்டிக்கொண்டவன் கொடுப்பது அடிமனை வாடகை. இங்கே மண் ஒருவனுக்கு, சுவர் மற்றொருவனுக்கு. குத்தகைக் காலம் முடியும் நாளில் இந்தப் பிரிவினைதான் சிக்கலாக வந்து நிற்கும்.

ஆங்கிலேயர் ஆட்சியின் தொடக்கத்தில் இதனைக் கூர்ந்து எழுதியவர் ஒரு தமிழறிஞர் என்பது இலக்கிய வட்டத்தினர்க்கு மகிழ்ச்சி தரும் செய்தி. திருக்குறளுக்கு ஆங்கிலத்தில் மொழிபெயர்ப்பும் விளக்கமும் எழுதியவரும், தென்னிந்திய மொழிகள் ஒரு தனிக் குடும்பம் என 1816-இல் எடுத்துக்காட்டியவருமான எல்லிசு, சென்னையின் கலெக்டராக இருந்தவர். மிராசு உரிமை பற்றி அரசு எழுப்பிய வினாக்களுக்கு அவர் எழுதிய விடைகள் 1818-இல் நூலாக வெளிவந்தன. அப்பணியில் அவருக்குத் துணைநின்றவர் அவருடைய சிரஸ்தாரான சங்கரய்யா. மிராசுதாரிடம் நிலம் பெற்றுப் பயிரிடும் பாயக்காரிகளை எல்லிசு இரு வகையாகப் பிரித்தார். உள்குடிப் பாயக்காரி அவ்வூரிலேயே வீடு கட்டித் தலைமுறையாகத் தங்கியவன். அவன் தரவேண்டியதைத் தந்துகொண்டிருக்கும் வரை அவனை வெளியேற்ற இயலாது. அவனுக்குப் பின் அவன் மகன் உழுவான். ஆனால் அவ்வுரிமையை அவன் விற்க இயலாது. புறகுடிப் பாயக்காரி வேற்றூரிலிருந்து வந்து குறித்த காலத்திற்குப் பயிரிட்டுச் செல்பவன். காலம் முடிந்தால் அவன் உரிமையும் முடிந்தது.

இங்கு உள்குடியின் உரிமை எதனால் பிறந்தது என்பது கருதத்தக்கது. எழுதப்பட்ட ஏட்டினால் அது பிறக்கவில்லை. ஊரில் இருத்தலும் உழைப்பும் ஊராரின் நினைவும் சேர்ந்து அவ்வுரிமையைத் தாங்கின. ரயத்துவாரி முறை வேர்கொண்டபோது அரசுக்குத் தீர்வை கட்டுபவர் பெயரே பட்டாவில் ஏறியது. மிராசுதாரின் பெயர் ஏறியது. உள்குடியின் பெயர் ஏறவில்லை. அவனை நீக்கவேண்டும் என்று எந்த ஆணையும் பிறப்பிக்கப்படவில்லை. ஏட்டில் இடமில்லாதவன் நாளடைவில் நினைவிலும் இடமிழந்தான். அடுத்த நூறாண்டின் துன்பங்களுக்கெல்லாம் வித்து இந்த இடத்தில்தான் விழுந்தது என்றால் அது மிகையன்று.

1882-இல் சொத்து மாற்றச் சட்டம் வந்தது. குத்தகையை அது இரு தனியாட்களிடையே நிகழும் ஒப்பந்தமாகவே கண்டது. எழுத்தில் வேறாக இல்லாவிடில் வேளாண் குத்தகை ஆண்டுக்கு ஆண்டு நிகழ்வதாகக் கொள்ளப்படும். ஆறு திங்கள் முன்னறிவிப்பில் முடிக்கலாம். வீடு போன்றவற்றின் வாடகை திங்களுக்குத் திங்கள். பதினைந்து நாள் அறிவிப்புப் போதும். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை பதிவு செய்யப்பட்ட ஆவணத்தால்தான் உண்டாகும். குத்தகைதாரன் தான் கட்டியதைப் பிரித்து எடுத்துக்கொண்டு போகலாம் என்றும் அச்சட்டம் இடங்கொடுத்தது. ஓட்டையும் மரத்தையும் எடுத்துப் போகலாம். மண்சுவரை எப்படி எடுத்துப் போவது என்று சட்டம் இயற்றியோர் எண்ணியதாகத் தெரியவில்லை.

அச்சட்டம் வந்த நான்காம் ஆண்டு, 1886 அக்டோபர் 29 அன்று, பெரியாற்று அணைக்கான குத்தகைப் பத்திரம் திருவிதாங்கூர் அரசுக்கும் ஆங்கிலேய அரசுக்கும் இடையே கையெழுத்தாயிற்று. 8,000 ஏக்கர் நிலம். ஏக்கருக்கு ஆண்டுக்கு 5 ரூபாய். காலம் 999 ஆண்டு. அதன் முடிவில் குத்தகை பெற்றவர் விரும்பினால் அதே நிபந்தனைகளில் மேலும் 999 ஆண்டுகளுக்குப் புதுப்பித்துக்கொள்ளலாம் என்றும் எழுதப்பட்டது. 1970-இல் செய்த துணை ஒப்பந்தத்தில் ஏக்கர் வாடகை 30 ரூபாயாக உயர்ந்தது. மீன்பிடி உரிமை கேரளத்துக்குச் சென்றது. ஆனால் காலக்கெடு அசையவில்லை. குத்தகை செல்லும் என்பதை உச்ச நீதிமன்றம் 2014-இல் உறுதி செய்தது. தனக்கு வேண்டியபோது அரசு எத்தகைய புதுப்பிப்பு உரிமையை எழுதிக்கொண்டது என்பதையும், அதே காலத்தில் ஓர் உழவனுக்கு எழுத்தில்லாக் குத்தகையில் என்ன கிடைத்தது என்பதையும் ஒருசேர வைத்துப் பார்த்தால் போதும்.

அப்போது சென்னை மாகாணத்திற்குள் இருந்த மலபாரில் புதுப்பித்தலுக்கே ஒரு தனிச்சொல் இருந்தது. அங்கே ஜன்மியிடம் முன்பணம் கொடுத்து நிலம் பெறுவது காணம். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பழைய ஓலை விடப்பட்டுப் புதிய ஓலை எழுதப்படும். ஜன்மிக்குப் புதுப்பிப்புக் கட்டணம் உண்டு. இதற்குப் பொளிச்செழுத்து என்று பெயர். பிரித்துவிட்டு மீண்டும் எழுதுதல் என்பது அதன் பொருள். ஆங்கிலேய நீதிமன்றங்கள் ஜன்மியை முழு உடைமையாளராகக் கொண்டன. பன்னிரண்டாம் ஆண்டில் எழுதுவதும் எழுதாமல் மீட்டுக்கொள்வதும் அவர் விருப்பம் என்று தீர்ப்புகள் வந்தன. சடங்காக இருந்த புதுப்பிப்பு அச்சமாக மாறியது. லோகன் இதனை ஆராய்ந்து குடியானவர் பக்கம் எழுதினார். 1887-இல் குடியினர் செய்த மேம்பாடுகளுக்கு ஈடு கொடுக்கும் சட்டம் வந்தது; 1900-இல் அது திருத்தி அமைக்கப்பட்டது. காணக்காரர்க்குப் புதுப்பிப்பைக் கேட்டுப் பெறும் உரிமை, 1929-இல் சட்டமன்றத்தில் நிறைவேறி 1930-இல் ஏடேறிய மலபார்க் குடியாண்மைச் சட்டத்தால்தான் கிடைத்தது. மலபாரின் இந்த அனுபவம் சென்னைக் கோட்டையில் இருந்தவர்களுக்குத் தெரிந்தே இருந்தது. ஆயினும் மலபாருக்குக் கொடுத்ததைத் தஞ்சைக்குக் கொடுக்க அவர்கள் முன்வரவில்லை. 1908-ஆம் ஆண்டின் எஸ்டேட் நிலச்சட்டம் ஜமீன் பகுதிகளின் குடிகளுக்கு நிலைத்த உரிமை வழங்கியது. அதுவும் ரயத்துவாரி நிலத்தின் குத்தகையாளரைத் தொடவில்லை. தஞ்சையின் பெரும்பகுதி ரயத்துவாரி.

நகரத்தின் கதை சற்று வேறு. சென்னையின் பல பகுதிகளில் வெற்று மனையை வாடகைக்கு எடுத்துத் தம் பொருளில் வீடு கட்டிக்கொண்டோர் பலர். மனையின் வாடகை சிறியது. வாடகை செலுத்தும் வரை எழுப்பமாட்டார் என்பது இருதரப்பினரும் அறிந்த வழக்கம். எழுதி வைத்தவர் மிகச் சிலர். முதல் உலகப் போருக்குப் பின் மனைவிலை ஏறிற்று. நிலத்துக்காரர்கள் காலி செய்யும்படி அறிவிப்புக் கொடுக்கத் தொடங்கினர். 1882-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அவர்கள் செய்தது முறையே. வீட்டைப் பிரித்து எடுத்துக்கொண்டு போ என்றார்கள்.

இதற்கு மறுமொழியாக எழுந்ததே சென்னை நகரக் குடியிருப்போர் பாதுகாப்புச் சட்டம். 1921-இன் சட்டம் என்று அழைக்கப்பட்டாலும் ஏட்டில் அது 1922-இன் மூன்றாம் சட்டம். அதன் முகவுரை சட்ட உலகில் அரிதாகக் காணப்படும் ஒரு சொல்லின்மேல் நிற்கிறது. நியாயமான வாடகை தந்துவரும் வரை எழுப்பப்பட மாட்டோம் என்னும் நம்பிக்கையில் பிறர் மனையில் வீடு கட்டியவர்க்குப் பாதுகாப்பு வேண்டும் என்பதே அதன் கருத்து. பத்திரத்தையோ பதிவையோ கேளாமல் நம்பிக்கையையே சான்றாக ஏற்றது அது. உள்குடிப் பாயக்காரியின் உரிமை நூறாண்டு கழித்து நகரத்தில் மறுபிறவி எடுத்தது போன்றதோர் எண்ணம் இதனால் தோன்றுகிறது.

அச்சட்டம் குத்தகையைப் புதுப்பிக்கச் சொல்லவில்லை. அதனினும் மேலே சென்றது. மூன்றாம் பிரிவின்படி, எழுப்ப வேண்டுமானால் கட்டடத்திற்கும் மரங்களுக்கும் ஈடு கொடுத்த பின்பே எழுப்பலாம். ஒன்பதாம் பிரிவோ, எழுப்ப முயன்ற நிலத்துக்காரரிடமிருந்து அந்த மனையையே விலைக்குத் தரும்படி நீதிமன்றத்தைக் கேட்கும் உரிமையைக் குடியிருப்போர்க்கு வழங்கியது. அழைப்பாணை கைக்கு வந்த ஒரு திங்களுக்குள் கேட்க வேண்டும். விலையை நீதிமன்றம் வரையறுக்கும். ஏழாண்டுகளில் நிலவிய விலைகளில் மிகக் குறைந்ததே விலை என்பது தொடக்கத்தில் இருந்த விதி. 1960-ஆம் ஆண்டுத் திருத்தம் அதனை மூன்றாண்டுச் சராசரி விலையாக மாற்றியது. வீட்டை வசதியாகத் துய்ப்பதற்கு வேண்டிய குறைந்த அளவு மனையை மட்டுமே கேட்டுப் பெறலாம் என்றும் வரம்பிட்டது. தோட்டமும் கொல்லையும் நிலத்துக்காரரிடம் திரும்பின. இந்த வரம்பில் நியாயம் இருக்கிறது. மதிலுக்குள் ஏக்கர்க் கணக்கில் வெற்றிடம் வைத்திருந்தவரும் ஏழைக் குடியிருப்போரின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நிலம் கேட்டிருக்க இயலும்.

1955-இல் செய்த திருத்தம் இச்சட்டத்தைச் சென்னைக்கு வெளியே நகராட்சிகளுக்கும் அரசாணையால் விரிக்க வழிவகுத்தது. தஞ்சை நகருக்கும் அது வந்தது. 1960-இல் தஞ்சையில் மட்டும் குடியிருக்கும் வீடுகளுக்கே பாதுகாப்பு என்று சுருக்கினார்கள். கடைகளும் தொழிலிடங்களும் விடப்பட்டன. மடத்து நிலத்தில் தொழிலிடம் வைத்திருந்த ஒரு நிறுவனம் இதனை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை சென்று தோற்றது. அத்தீர்ப்பில் ஒரு கருத்து இன்றும் எண்ணத்தக்கது. மனையை வாங்கிக்கொள்ளும் உரிமை சட்டம் தந்த சலுகை. அது நிறைவேறி நிலம் கைக்கு வரும் வரை அதனைச் சொத்து என்று சொல்ல இயலாது என்றது நீதிமன்றம். சட்டமன்றம் ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் எடுத்துக்கொள்ளலாம் என்பதே இதன் விளைவு. நம்பிக்கையின்மேல் கட்டிய உரிமை, சட்டமியற்றுவோரின் நம்பிக்கை மாறும்போது தானும் மாறும்.

காவிரிச் சமவெளிக்கு வருவோம். அங்கே குத்தகை பெரும்பாலும் வாய்ச்சொல். பசலி ஆண்டுக்கு ஒருமுறை மிராசுதாரோ அவருடைய காரியக்காரரோ இந்த ஆண்டும் நீயே செய் என்பார், சொல்லாமலும் இருப்பார். அந்தச் சொல்லுக்காகக் காத்திருப்பதே புதுப்பிப்பு. அளந்த நெல்லுக்கு ரசீது கிடையாது. நிலத்தோடு ஒட்டுறவு உண்டாகாதிருக்கும்பொருட்டு ஒரே குடியை ஆண்டுக்கு ஆண்டு வெவ்வேறு வயலுக்கு மாற்றிவைக்கும் வழக்கமும் இருந்தது. ஒரு வயலின் வரப்பையும் வாய்க்காலையும் அறிந்துகொள்வதற்குள் அடுத்த வயலுக்குப் போகவேண்டும். வேளாண்மைக்கு இது கேடு என்று தெரிந்தே செய்யப்பட்டது. குடி நீங்காமல் இருந்தால் உரிமை வந்துவிடும் என்னும் அச்சம் நிலத்தின் நலத்தைக் காட்டிலும் பெரிதாக இருந்தது.

1943-இல் மன்னார்குடிப் பகுதியிலுள்ள தென்பரையில் மடத்து நிலக் குத்தகையாளர்களைக் கொண்டு விவசாயிகள் சங்கம் தொடங்கிற்று. கன்னட நாட்டிலிருந்து வந்து தமிழ் கற்றுத் தஞ்சையிலேயே தம் வாழ்வைச் செலவிட்ட பி. சீனிவாசராவ் அதன் முன்னோடி. மணலி கந்தசாமி உடன் நின்றார். இங்கே குத்தகைக் குடிகளும், அவர்களுக்குக் கீழே பண்ணையாட்களாக இருந்த ஒடுக்கப்பட்டோரும் ஒரு கொடியின்கீழ் வந்தனர் என்பது சிறப்பு. இரு சாராரின் நலன்களும் எப்போதும் ஒன்றல்ல. குத்தகைக் குடி அறுவடைக்கு ஆள் வைக்கும்போது அவனும் ஒரு முதலாளியே. வரலாற்றை எழுதுவோர் இதனை மறைக்க வேண்டியதில்லை.

1952 ஆகஸ்டில் இராஜாஜி அமைச்சரவைக் காலத்தில் தஞ்சைக் குத்தகையாளர் மற்றும் பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டம் பிறந்தது. பின்னர் அது முறையான சட்டமாயிற்று. ஓர் ஊரில் ஒரு வேலிக்கு மேல் நிலம் உடையவர்க்கே அது பொருந்தியது. விளைச்சலில் ஐந்தில் இரண்டு பங்குக்குக் குறையாமல் குத்தகைக் குடிக்குக் கிடைக்க வேண்டும். குத்தகை ஐந்தாண்டுக்குக் குறையாது நிகழ வேண்டும். 1951 டிசம்பர் 1-க்குப் பின் வெளியேற்றப்பட்டவர் திரும்ப நிலம் பெறலாம் என்றது அச்சட்டம். ஐந்தாண்டு என்பது சிறிய காலமே. எனினும் ஆண்டுதோறும் காரியக்காரரின் வாயைப் பார்த்து நின்றவனுக்கு ஐந்து பசலிகள் ஒரே நிலத்தில் நிற்கலாம் என்பது பெரிய செய்தி.

காமராசர் ஆட்சியில் 1955-இல் வந்த சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் மாநிலம் முழுவதற்கும் உரியது, அடிப்படையையே மாற்றியது. தன் உடலுழைப்பையோ குடும்பத்தார் உழைப்பையோ நிலத்தில் இடுபவனே சாகுபடிக் குத்தகைதாரன். குத்தகைக் காலம் முடிந்துவிட்டது என்னும் ஒரே காரணத்துக்காக அவனை இனி வெளியேற்ற இயலாது. குத்தகை செலுத்தாமை, நிலத்துக்குக் கேடு செய்தல், வேளாண்மையல்லாத வேறு பயனுக்கு நிலத்தைத் திருப்புதல், உடைமையாளரின் உரிமையை வேண்டுமென்றே மறுத்தல் ஆகிய இவையே வெளியேற்றத்துக்குக் காரணங்கள். 1953 டிசம்பர் 1 அன்று நிலத்தில் இருந்து இடையில் இழந்தவர்க்கு மீண்டும் நிலம் பெறும் உரிமை உண்டு. நெல்லை வாங்க மறுத்து, பிறகு தரவில்லை என்று வழக்குத் தொடுக்கும் சூழ்ச்சிக்கும் மாற்று இருந்தது. குத்தகையை நீதிமன்றத்திலோ அதற்குரிய அலுவலரிடமோ கட்டிவிடலாம். புதுப்பிக்கும்படி வேண்டி நிற்கும் நிலையே இச்சட்டத்தால் எழுத்தளவில் ஒழிந்தது. 1956-இல் நியாயக் குத்தகைச் சட்டம் நன்செய் நிலத்தின் குத்தகையை விளைவில் நூற்றுக்கு 40 என வரையறுத்தது; 1980-இல் அது 25 ஆகக் குறைந்தது.

எழுத்தளவில் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. பாதுகாப்பு, குத்தகைதாரன் என்று மெய்ப்பிக்கப்பட்டவனுக்கே. வாய்ச்சொல்லால் வந்தவன் எதைக் காட்டுவான்? ரசீதில்லை, கணக்கப்பிள்ளையின் ஏட்டில் பெயரில்லை, ஊரார் சாட்சிக்கு வர அஞ்சினர். 1955-க்கு முன்னும் பின்னும் பலர் தாமாகவே நிலத்தை விட்டுவிட்டதாகக் கையெழுத்திட்டனர். நீக்கப்பட்டவன் நீங்கியவனாக எழுதப்பட்டான். பிறவினையைத் தன்வினையாக்கும் வித்தை இலக்கணம் படியாத காரியக்காரர்களுக்கும் கைவந்திருந்தது.

இக்குறையைப் போக்கவே 1969-இல் குத்தகை உரிமைப் பதிவேட்டுச் சட்டம் இயற்றப்பட்டது. ஊர்தோறும் ஏடு திறந்து, எந்தச் சர்வே எண்ணில் யார் பயிரிடுகிறார் என்று பதிவதே அதன் நோக்கம். எல்லிசு காலத்தில் உள்குடிக்குக் கிடைக்காமற்போன ஏடு 150 ஆண்டுகளுக்குப் பின் கிடைத்தது. பெயர் பதிந்தவர் தப்பினர். பதிய அஞ்சியவர், பதிந்தால் அடுத்த பசலிக்கு நிலம் கிடைக்காது என்று எச்சரிக்கப்பட்டவர், பெண்கள் ஆகியோர் ஏட்டுக்கு வெளியிலேயே நின்றனர். உடலுழைப்பை இடுபவனே குத்தகைதாரன் என்று சட்டம் சொல்கிறது. நாற்று நடுவதும் களை பறிப்பதும் உடலுழைப்பே. எனினும் ஏட்டில் ஏறியவை பெரும்பாலும் ஆண்களின் பெயர்களே.

பண்ணையாட்களுக்கு நிலம் இல்லை. இருந்தது ஒரு குடிசை. அதுவும் மிராசுதார் நிலத்தில். கூலி கேட்டால் குடிசையை விட்டு எழுப்பலாம். 1961-இல் குடியிருப்பிலிருந்து வெளியேற்றத்தைத் தடுக்கும் சட்டம் வந்தது. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் ஒரே குடிசைக்குள் 44 பேர் தீக்கிரையாயினர். கூலிப் பூசலில் தொடங்கிய கொடுமை அது. ஆனால் எரிந்த குடிசையைப் பற்றி எழுதியோர் அக்குடிசை நின்ற மண்ணைப் பற்றி எழுதியது குறைவு. 1971-இல் குடியிருப்பு மனையை அதில் வாழ்ந்தவர்க்கே உரிமையாக்கும் சட்டம் இயற்றப்பட்டது. தமிழ்நாட்டுக் குத்தகைச் சட்டங்களில் தயக்கமின்றி எழுதப்பட்டது இது ஒன்றே எனலாம். கேரளம் 1970 சனவரி 1 முதல் உழுதொழில் குத்தகைகளை அரசிடம் சேர்த்துக் குடிகளுக்கே நிலத்தை வழங்கும் வழியை மேற்கொண்டது. தமிழ்நாடு குத்தகையை ஒழிக்காமல் ஒழுங்குபடுத்தும் வழியிலேயே நின்றது.

இனித் தேவதானம். அறநிலையத் துறையின்கீழ் உள்ள கோயில்களுக்கும் மடங்களுக்கும் நான்கே முக்கால் இலட்சம் ஏக்கருக்கு மேல் நிலம் உண்டு. தெய்வம் சட்டத்தின் பார்வையில் என்றும் பருவமெய்தாத பிள்ளை; அதன் சொத்தைக் காப்பது பிறர் கடமை. 1959-ஆம் ஆண்டு அறநிலையச் சட்டத்தின்படி ஐந்தாண்டுக்கு மேற்பட்ட குத்தகை ஆணையரின் இசைவின்றிச் செல்லாது. பல ஊர்களில் கோயில் மனையின் வாடகை விளக்கெண்ணெய்க்கும் போதாத அளவில் நின்றுவிட்டது உண்மை. நகரக் குடியிருப்போர் சட்டத்தின் ஒன்பதாம் பிரிவால் தேவதான மனைகள் விலைக்குப் போவதும் கவலை தந்தது. 1996-இல் இரண்டாம் சட்டத்தால் சமய நிறுவனங்களின் நிலங்கள் அச்சட்டத்திலிருந்தே விலக்கப்பட்டன. மயிலாப்பூரில் கோயில் மனையில் இருந்த மன்றம் ஒன்று தொடுத்த வழக்கில் 2005-இல் உச்ச நீதிமன்றம் இவ்விலக்கை ஏற்றது.

கோயிலின் சொத்து காக்கப்பட வேண்டியதே. அதில் ஐயமில்லை. ஆயின் நகரின் நடுவே பல கிரவுண்டு மனையில் இளைப்பாறும் மன்றமும், மதிலோரத்து அடிமனையில் மூன்று தலைமுறையாகப் பூக்கட்டும் குடும்பமும் ஒரே வரியால் விலக்கப்பட்டன. 1960-இல் குறைந்த அளவு மனை என்னும் வரம்பைக் கண்டுபிடித்த சட்டமன்றத்துக்கு, 1996-இல் சிறியோரையும் பெரியோரையும் பிரித்தறிய ஒரு வரம்பு கண்டுபிடிப்பது அரிதாக இருந்திருக்காது. விற்க வேண்டாம்; நியாயமான வாடகைக்கு நீங்காமல் இருக்க விடலாம். கோயில் நிலத்துக்கே உரியதாக அத்தகைய ஏற்பாடு ஆயிரமாண்டுக்கு முன்பே இருந்தது. அதற்குக் குடி நீங்காத் தேவதானம் என்றே பெயர்.

கட்டடத்தை வாடகைக்கு எடுத்தோர்க்கு 1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நெடுங்காலம் அரணாக இருந்தது. ஒப்பந்தக் காலம் முடிந்தாலும் சட்டம் கூறிய காரணமின்றி எழுப்ப இயலாது. பழைய வாடகையில் உறைந்துபோன வீடுகளும், பழுது பார்க்கப்படாமல் இடிந்த வீடுகளும் அச்சட்டத்தின் மறுபக்கம். 2017-இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் அதனை நீக்கியது. இப்போது ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை அலுவலரிடம் பதிய வேண்டும். காலம் முடியுமுன் நீட்டிப்பையோ புதுப்பிப்பையோ குடியிருப்பவர் கேட்கலாம். வீட்டுக்காரர் இசைந்தால் புதிய ஒப்பந்தம் எழுதிக்கொள்ளலாம். இசைவின்றியும் காலி செய்யாமலும் இருந்தால், பழைய நிபந்தனைகளிலேயே திங்களுக்குத் திங்கள் என்ற கணக்கில் ஆறு திங்கள் வரை குடியிருப்பு நீளும்.